ஹைட்ரஜன் எத்தனை?

"அந்த டியூஷன் டீச்சரை இன்னியோட நிறுத்திடப் போறேன்டி."

"ஏன்க்கா? நல்லாத்தானே சொல்லிக் கொடுக்குறா?" என்றாள் போனில் தங்கை.

"என்னத்தச் சொல்லிக் கொடுக்குறா! வாரம் பூரா அதே அலுமினியம், அதே ஆசிட். ஒரு சமன்பாடு தாண்டலை. கிளாஸ்ல முதல் மார்க் வாங்குற என் பொண்ணு, அவகிட்ட உட்கார்ந்தா மட்டும் 'புரியலை மிஸ்'ங்குறா."

"இதுக்கா நிறுத்தப் போறே?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"உன் அத்தான் போக்கே சரியில்லைடி. முலாம் பட்டறையில ஆசிட் தொட்டியே கதின்னு கிடந்த மனுஷன், இப்ப டியூஷன் நேரத்துக்கு டாண்ணு வீட்டுல ஆஜர். சூப்பர்வைசர் பரீட்சையில ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு. அடுத்த மாசம் கடைசி வாய்ப்பு. அதுக்குப் படிக்கக் காணோம், ஹாலை ஒட்டின ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிறாரு. துண்டு பூரா வெள்ளை வெள்ளையா பவுடர்! இந்த வயசுல யாருக்குடி பவுடர்?"

தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அத்தானா? பவுடரா?"

"நீ சிரிப்பே. எனக்கு வயிறு எரியுது."

ஹாலில் டீச்சரின் குரல் கேட்டது. "அலுமினியம் ரெண்டு, ஆசிட் ஆறு. குளோரின் ரெண்டு பக்கமும் ஆறு ஆயிடுச்சு. அப்போ ஹைட்ரஜன் எத்தனை?"

"புரியலை மிஸ்," என்றாள் மகள்.

அக்காவுக்குச் சுர்ரென்றது. போனை வைத்தாள். முதலில் வீட்டுக்காரரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். சமையலறைப் பக்கக் கதவு வழியாக அந்த ரூமுக்குள் பூனை மாதிரி நுழைந்தாள்.

கணவர் ஹால் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார். கையில் சாக்பீஸ். கதவு முழுக்க எழுத்து.

2Al + 6HCl → 2AlCl3 +

அதற்கப்புறம் துண்டால் துடைத்துத் துடைத்து ஒரே வெள்ளைத் திட்டு.

அவளைப் பார்த்ததும் மனுஷன் சாக்பீஸை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"சத்தம் போடாத. பரீட்சைக்கு எல்லாம் வந்துடுச்சு. இந்த ஹைட்ரஜன்தான் இடிக்குது."

"அந்த டீச்சரையே கேட்டிருக்கலாமே!"

"இந்த வயசுலயா? பொண்ணுக்குத் தெரிஞ்சா என் மானமே போயிடும்."

அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டே வெளியே வந்தாள். டீச்சர் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் மகள் மேல் இருந்த கோபம் மட்டும் தணியவில்லை. முதல் மார்க் வாங்குகிறவளுக்கு இதுகூடவா வராது? நாலு வாங்கு வாங்கலாம் என்று ஹாலுக்குப் போனாள்.

மகளின் தாளில் அந்தச் சமன்பாடு என்றைக்கோ முடிந்து, அடுத்த பாடமே பாதி ஆகியிருந்தது. அம்மா வந்ததைக் கவனிக்காமல், அவள் டீச்சரின் காதருகே குனிந்து கிசுகிசுத்தாள்.

"மிஸ், மூணுன்னு இன்னும் ஒரே ஒரு தடவை சத்தமாச் சொல்லுங்க. கதவுக்குப் பின்னாடி அப்பா இன்னும் துடைச்சுக்கிட்டேதான் இருக்காரு."