குருவிக்கு முடி வெட்டியது

எங்கள் ராணுவ முகாமின் ஐம்பது வருட வரலாற்றை எழுதும் அதிகாரி, முதல் அணியின் புகைப்படத்தோடு என் சலூனுக்கு வந்தார். அதில் ஓரமாக நின்ற, குருவி என்று நாங்கள் கூப்பிட்ட சிப்பாய்க்கு முடி காலரைத் தொட்டுக்கொண்டிருந்தது. படமெடுத்த அன்று காலையில் நான்தான் அவனுக்கு ஒட்ட வெட்டினேன். அடுத்த மாதம் சண்டைக்குப் போனவன் திரும்பவில்லை. முடி மட்டும் படத்துக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது.

“இந்தத் தலை புத்தகத்துல வந்தா மானம் போயிடும், பெரியவரே. இவரை மட்டும் படத்துலேருந்து எடுத்துடுறேன்.”

எழுதுகிறவர்களை நம்ப முடியாது, செய்துவிடுவார்கள். படத்தைச் சாயங்காலம்வரை கேட்டு வாங்கிவைத்தேன். அவர் போனதும் நாற்காலியைத் தட்டினேன்.

“டேய் குருவி, வந்து உக்காருடா. உன்னை மொத்தமா தூக்கப் போறானுங்க.”

காலி நாற்காலிக்குப் பின்னால் நின்று கத்தரியை ஓட்டினேன். தரையில் கருகருவென்று முடி விழுந்தது.

சாயங்காலம் அதிகாரி படத்தை உற்றுப் பார்த்தார். “சரியாத்தானே இருக்கு” என்று அப்படியே எடுத்துப்போனார்.

நெற்றியில் மட்டும் கொஞ்சம் விட்டிருந்தேன். அன்று அவன் அவ்வளவு கெஞ்சியும் நான் விடவில்லை.