பூமயில் ஊற்று

குழியின் விளிம்பில் மண்டியிட்டு, அவள் சரிந்திருந்த மணலைக் கையால் வாரிப் போட்டாள்.

இரண்டு முழ ஆழம். அடியில் கலங்கிய தண்ணீர்.

"இதை எந்தப் பக்கம் எழுதறது மேடம்?" என்றார் கணக்கெடுக்க வந்த அதிகாரி.

அவர் கையில் படிவம். இடப்பக்கம் இயற்கை, வலப்பக்கம் பண்பாடு. தீவில் இருப்பதெல்லாம் இரண்டில் ஒன்றில் அடங்கியாக வேண்டும். பவளப்பாறை, ஆமை முட்டையிடும் கரை, உமிரிச் செடி எல்லாம் சமர்த்தாக இடப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டன. வலப்பக்கத்தில் இதுவரை இடிந்த விளக்குத் தூண் ஒன்றுதான்.

எதிலும் சேராதவற்றுக்குக் கீழே தனியாக ஒரு கட்டம் இருந்தது. அகற்ற வேண்டியவை.

மனிதர் தோண்டிய குழி, ஆகவே இயற்கை இல்லை. மக்கள் வழங்கும் பெயர் ஒன்று இருந்தால் பண்பாடு. விளிம்பில் கல் அடுக்கிக் காப்பாற்றலாம். பெயர் இல்லையென்றால் வெறும் பள்ளம். இன்றைக்கே மூட வேண்டியதுதான்.

அவர் மேல் தப்புச் சொல்லவும் முடியாது. போன பங்குனியில் மூன்று ஆமைக் குஞ்சுகள் இதற்குள் விழுந்து கிடந்தன. எடுத்துக் கடலில் விட்டவளே அவள்தான்.

"பேரு ஏதாச்சும் இருக்கா?"

இருக்கிறது. அதுதான் சங்கடம்.

கடற்பாசி எடுக்கும் பெண்கள் அந்தக் காலத்தில் இந்தத் தீவில்தான் வாரக்கணக்கில் தங்குவார்கள். பதினொரு பேர். விரலில் துணி சுற்றிக்கொண்டு நாள் முழுக்கக் கடலில் முங்கி எழுவார்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமே. அங்கங்கே மணலைத் தோண்டி, ஊறுவதை ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். உப்பு. உப்பு. மறுபடியும் உப்பு. எவள் வாயில் முதலில் இனிக்கிறதோ, ஊற்றுக்கு அவள் பெயர். அதற்குமேல் பேச்சே கிடையாது.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாதான் தோண்டினாள். குடிக்க மகளைக் கூப்பிட்டாள்.

இனித்தது.

அன்றிலிருந்து இது பூமயில் ஊற்று.

மொண்டால் கலங்கிவிடும். தெளியும்வரை யாராவது காத்திருக்க வேண்டும். காவலுக்கு உட்கார்ந்த பூமயில் பூவரச நிழலில் தூங்கிப்போவாள். கடலுக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுப்பாள்.

"பூமயிலு தெளிஞ்சிருச்சா?"

அவள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுவாள்.

"முழிச்சுட்டேம்மா!"

"ஒன்னய யாருடி கேட்டா? ஊத்தக் கேட்டேன்!"

பதினொரு பேரும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சிரிப்பார்கள். ஒரு நாளாவது அவள் ஏமாறாமல் இருந்ததில்லை.

பிறகு தீவைக் கடல் பூங்காவாக்கி, யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். பூங்காவுக்குக் காவலர் எடுத்தார்கள். அவளும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டாள்.

அம்மா ஒரு வருடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. காவக்காரி என்றுதான். அப்படியே போயும் சேர்ந்துவிட்டாள்.

இப்போது அதே காக்கியோடு நின்று, சார், இதற்கு என் பெயர்தான் என்று எந்த வாயால் சொல்வது? காவலுக்கு வந்தவள் ஊற்றுக்கே தன் பெயரை வைத்துக்கொண்டாள் என்று சிரிக்க மாட்டாரா? நாக்கு நுனிவரை வந்தது, வெட்கம் பிடித்து இழுத்தது. கை தானாகப் போய்ச் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையை மூடிக்கொண்டது.

அதிகாரி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கீழ்க்கட்டத்தில் 'பள்ளம்' என்று எழுதினார்.



படகோட்டி நம்புராசு வள்ளத்தைவிட்டு இறங்கவே இல்லை. அன்று பாசிக்காரப் பெண்களை ஏற்றிவந்ததும் அவர்தான். ஊற்றடியில் இரண்டு பேர் குனிந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது. தண்ணீர் மொள்ளக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல. காலிக் கேனைத் தூக்கி ஆட்டினார்.

"பூமயிலு தெளிஞ்சிருச்சா?"

பேனா நின்றது.

அதிகாரி வள்ளத்தைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். அவள் பக்கம் திரும்பினார். பெயர்ப்பட்டையின் மேல் இப்போது கை இல்லை.

வாசித்தார். எழுதியதை அடித்தார்.

அவள் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கடலைப் பார்த்துக் கத்தினாள்.

"முழிச்சுட்டேம்மா!"

கடலில் ஒரே ஒருவர் சிரித்தார்.