கேமராவுக்குள் பனி

"போன மாசம் இதைக் கழட்டி மாட்டினது நீங்கதானே?"

வந்தவனை உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டாள், அந்த வானியல் ஆய்வகத்தின் இளம் விஞ்ஞானி. கூரியரில் வந்த கேமராவைச் சுத்தம் செய்து கூரியரிலேயே திருப்பி அனுப்பிய டெக்னீஷியன் அவன்தான். 'வேற யாரும் வேண்டாம், அவரே நேர்ல வரணும்' என்று அவன் வேலை பார்க்கும் ரிப்பேர் கடைக்கு அவள் போன் செய்து ஒற்றைக்காலில் நின்றாளாம்.

"ஆமா மேடம்."

"பாருங்க, என்ன கதின்னு."

திரையில் நட்சத்திரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பனி பூத்துக் கிடந்தது. நடுவே நாலைந்து கறுப்புக் கோடுகள் வேறு. தொலைநோக்கியில் மாட்டும் கேமரா அது. படம் துல்லியமாக விழ, உள்ளே இருக்கும் சென்சாரை உறைநிலைக்கும் கீழே குளிர வைத்தாக வேண்டும். துளி ஈரம் புகுந்தாலும் போச்சு.

அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பரீட்சை ஹால் சூபர்வைசர் தோற்றார்.

"கோபம் வந்தா சாமானைத் தூக்கிப் போட்டு உடைப்பீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம்!"

"ராத்திரி பூரா வேலை பார்த்துட்டு, என்னை மாதிரி பகல்ல தூங்குறவங்களைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

புகார் கொடுக்க இதெல்லாம் எதற்கு? அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அவங்க தூங்குறப்ப மிக்சி போடக்கூடாதுன்னு நினைப்பேன்" என்று உளறி வைத்தான். அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூடி திறந்தது. காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம் ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டிருந்தது. சாட்சாத் அவன் கைவேலைதான். அந்த இடுக்கு வழியே ஈரக்காற்று நுழைந்து, உறைந்து, உருகி, சென்சாரையே காவு வாங்கியிருந்தது.

வராந்தாவுக்கு ஓடி முதலாளிக்குப் போன் போட்டான்.

"புது சென்சார் நம்ம தலையில விழும்டா! அவங்க ஈரத்துல வச்சதால போச்சுன்னு சொல்லிட்டு வா. இல்லேன்னா நாளையிலேர்ந்து கடைப்பக்கம் வராதே!"

திரும்பி வந்தவனுக்குப் பொய் தொண்டை வரைக்கும் வந்தது. மேஜையில், அந்தக் கேமராவுக்கென்றே அவள் கையால் தைத்த மெத்தென்ற உறை. அதற்கு மேல் பொய் ஏறவில்லை. வளையத்தை அவளிடம் நீட்டினான்.

"உங்க மேல தப்பே இல்ல மேடம். நான்தான் இதைச் சரியா உட்கார வைக்கல. சென்சார் போயிடுச்சு. புதுசு மாத்தித் தர்றது எங்க பொறுப்பு. முதலாளி மாட்டேன்னா, என் சம்பளத்துல பிடிச்சுக்கச் சொல்றேன்."

அவள் வளையத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். செல்போனை எடுத்தாள்.

முதலாளிக்குத்தான் போகிறது புகார். வேலைக்கு வேட்டு! அவன் சாமான்களைப் பையில் அள்ளிப்போட ஆரம்பித்தான்.

"அப்பா, நீங்க சொன்ன அந்தக் கேமராக் கடை மாப்பிள்ளையை நேர்லயே பார்த்துட்டேன்... எனக்குச் சம்மதம்னு சொல்லிடுங்க!"