ஆட்டுக்கொம்புக் காலுறை

"பத்து நாள்ல கல்யாணம். அதுக்குள்ள என் புருஷன் காலுக்கு அளவெடுத்துட்டியாடி?"

ஊற்றடியில் பெஹியே ஒற்றைக் கம்பளிக் காலுறையை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்துக் கத்தினாள். பின்னால் அவள் புருஷன் ரிஃபாத். அரை மணி முன்புதான் சுரங்கத்திலிருந்து ஊர் வந்தவன். கண்ணிமையில் கரி இன்னும் மை தீட்டினாற்போல் இருந்தது.

குலிசார் குடத்தைக் கீழே வைத்தாள். அந்த ஊரில் வீட்டுக்கொரு பின்னல். தேள் போட்டால் பெஹியே வீடு, ஆட்டுக்கொம்பு போட்டால் குலிசார் வீடு. பெஹியே கையிலிருந்தது ஆட்டுக்கொம்பு. மறுக்க வழியில்லை.

"இது எங்க கிடைச்சுது அக்கா?"

"இவர் பையிலதான்! சோங்குல்தாக்குல நிலக்கரி வெட்டப் போன மனுஷன்கிட்ட உன் காலுறை எப்படிடி வந்துச்சு?"

பக்கத்துக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்த நஸீரேவின் கை நின்றுவிட்டது. குலிசாரின் கண் அங்கேதான் போனது. நஸீரே அவளுக்கு மாமியாராகப் போகிறவள். முன்பு பார்த்த பெண்ணை, சத்தமாகச் சிரிக்கிறாள் என்பதற்கே வேண்டாமென்ற புண்ணியவதி.

"கட்டில்!" என்றாள் குலிசார் திடீரென்று.

"கட்டில் பேச்சு வேறயா, வெட்கங்கெட்டவளே?"

"ஐயோ, சுரங்கத்து விடுதிக் கட்டில் அக்கா! எங்க அண்ணனுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் ஒரே கட்டில்தானே?"

உண்மைதான். ஊர் ஆண்களில் பாதிப் பேர் ஒரு மாதம் சுரங்கத்தில். அவர்கள் திரும்பி வந்து வயலைப் பார்க்கும் மாதம் மீதிப் பேர் அங்கே. ஒருவன் எழுந்த கட்டிலில் அடுத்தவன் படுப்பான். ரிஃபாத்தையும் குலிசாரின் அண்ணன் ஜெமிலையும் ஊரில் ஒருசேரப் பார்த்தவர் கிடையாது.

"அண்ணன் விட்டுட்டு வந்ததை இவர் தன்னோடதுன்னு அள்ளிப் போட்டிருப்பார். நம்பலையா? இருங்க."

வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணன் பெட்டியிலிருந்து ஒரு ஜோடியைக் கொண்டுவந்து நீட்டினாள். தேள் பின்னல்.

"பாருங்க, உங்க கைவேலை! இந்த மாதிரி மூணு ஜோடி கிடக்கு. நான் வந்து உங்க வாசல்ல கத்தினேனா?"

ஊற்றடியே சிரித்தது. நஸீரே, "என்னப்பா ரிஃபாத், அப்படித்தானா?" என்றாள்.

ரிஃபாத் தேளைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். "அப்படித்தான் இருக்கணும்," என்றான்.

பெஹியே குலிசாரைக் கட்டிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். ஒரு காலுறைக்கு இவ்வளவு அழுகையா என்று குலிசாருக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் நஸீரே மறுபடி துவைக்கத் தொடங்கிவிட்டாள், அது போதும்.

குறித்த நாளில் குலிசார் கல்யாணம் நடந்தது. ஜெமில் அதோடு ஊர்ப்பக்கமே வரவில்லை, இஸ்தான்புல்லில் இருக்கிறான் என்று கேள்வி. ரிஃபாத் ஜெர்மனிச் சுரங்கத்துக்குப் பெயர் கொடுத்தான், தனியாளாக. பஸ் ஏறுமுன் குலிசாரிடம் சொல்லிக்கொள்ள வந்தான்.

"அன்னைக்கு நான் பையை அவிழ்க்கவே இல்ல தங்கச்சி," என்றான். "அந்தக் காலுறையை என் வீட்டு மெத்தைக்கடியிலேர்ந்து நான்தான் எடுத்தேன். இது எப்படி இங்க வந்துச்சுன்னு நான் கேக்கறதுக்குள்ள, அவ அதைப் பிடுங்கிட்டு உன்கிட்ட ஓடி வந்துட்டா."