ஆமென்னுக்குக் காத்திருந்த குரல்

சோதனைக்கு வந்த அதிகாரி சாப்பாட்டு மேசைமேல், யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டும் கருவியை வைத்தார். சிறையில் இறந்துபோன எஸ்தர்பாயின் கணவர் அருமைநாயகத்தின் குரலில் அது ஜெபிக்கத் தொடங்கியது. கேட்டுவிட்டு யார் "ஆமென்" சொன்னாலும் அவர் கிறிஸ்தவர். அன்றைக்கே தடுப்பு முகாமுக்குப் போக வேண்டியதுதான். எஸ்தர்பாய்க்கு அது தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அச்சு அசலாக அவர் குரல்தான். இடையில் வந்த செருமல்கூட அவருடையது. "ஜெபங்கேளும், எங்கள் நல்ல பிதாவே" என்று முடித்துவிட்டு அது காத்திருந்தது. இருபத்தாறு வருடக் குடும்ப ஜெபத்தில், அவள் ஆமென் சொல்லாமல் அவர் முழங்காலை விட்டு எழுந்ததே இல்லை.

அந்த மௌனத்தை அவளால் தாங்க முடியவில்லை. "ஆமென்" என்றாள்.

"மெஷின்தான்னு தெரியும்லா? வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லாம்மா?" என்றபடி அதிகாரி கருவியை அணைத்தார்.

"கொரல் பொய்தான் சார். ஜெபத்தக் கேக்குறவரு மெய்யானவருல்லா."

மாற்றுச்சேலை ஒன்றைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு புறப்பட்டவள், வாசலில் நின்று திரும்பினாள்.

"போறதுக்கு முந்தி, அத இன்னொரு வாட்டி போடுவீங்களா சார்?"