சிவப்புச் சட்டை

கல்லூரி ஃபுட்பால் மைதானத்து வாசலில் கூடாரம் போட்டுப் பன்றி விலாவைச் சுட்டுக்கொண்டிருந்த நீலச் சட்டைக்காரர்கள் திகைத்துப்போனார்கள். நீல அணியின் ஊறிப்போன ரசிகனான வெர்னான், எதிரணியின் சிவப்புச் சட்டையில் வந்து நின்றான்.

“மச்சான், அக்கா புருஷனாப் போயிட்டீங்க. இல்லேன்னா உங்களையும் அடுப்புல போட்டிருப்பேன்!” என்று கத்தினான் கர்ட்டிஸ்.

“தொண்டை கிழிய அவங்களுக்குத்தான் கத்தப்போறேன். ஜெயிக்கப்போறது நாமதான், பாரு.”

“அதெப்படி?”

வெர்னானின் மனைவி லோரெட்டா சிரித்தாள். “டேய், இந்த மனுஷன் உள்ள உட்கார்ந்து நமக்காகக் கத்தின ஆட்டத்துல நாம ஒண்ணாவது ஜெயிச்சிருக்கோமா? அதான் இன்னைக்கு அந்தப் பக்கம் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன்.”

கர்ட்டிஸ் இருப்பதிலேயே பெரிய விலாத்துண்டை எடுத்து நீட்டினான்.

“நல்லா சாப்பிடுங்க மச்சான். கடைசி வரைக்கும் குரல் கம்மிடக்கூடாது!”