மௌஸைப் பிடித்திருந்த மருமகன்

மாமனாரின் கண்ணீர் அஞ்சலி பேனரை வாங்கிப்போக வேலுச்சாமி பேனர் அச்சடிக்கும் கடையில் காத்திருந்தார். பேனரை வடிவமைத்தது ஜெயசீலியின் மேக் கணினியில். அச்சடிப்பது பின்னறையில் இருந்த முருகேசனின் விண்டோஸ் கணினியில். இரண்டுக்கும் பொதுவான ஃபோல்டர் பாதியிலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது.

"மேக் தூங்கிட்டா அங்க ஃபோல்டர் தெரியாதுண்ணே. நான் உள்ள போய்ப் பாக்குறேன், நீங்க இந்த மௌஸ ஆட்டிக்கிட்டே இருங்க," என்றாள் ஜெயசீலி.

உடலை எடுப்பதற்குள் பேனர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். வேலுச்சாமி மும்முரமாக ஆட்டினார்.

"வருது, வருது," என்றான் முருகேசன் உள்ளேயிருந்து.

அப்போதுதான் வேலுச்சாமி திரையில் இருந்த பேனரை நிதானமாகப் படித்தார். மருமகன் என்று மூத்த மருமகன் பெயர் மட்டும் இருந்தது; இளையவரான அவர் பெயர் இல்லை. பெயர்களை எழுதி அனுப்பியதே அந்த மூத்தவர்தான். வேலுச்சாமி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் திரை இருண்டது.

"போச்சு," என்றான் முருகேசன்.

ஓடிவந்த ஜெயசீலி மௌஸைத் தொட்டாள். பேனர் மீண்டும் தெரிந்தது. அதைப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க பேர எங்கண்ணே போடட்டும்?"

வேலுச்சாமி திரையில் விரலை வைத்துக் காட்டினார்.

"மூத்தவருக்கு மேல."